ரஷ் ப்ராக்கா, ஹார்ட் ராக்கா? வியாசர்பாடி தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் நண்பர்கள் நாலு பேர், ராத்திரி கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்கள். அதில் ஒருவர், பிங்க் ஃபிளாய்ட் பேண்ட் ப்ராக்ரெஸிவ் ராக்கே (ராக்கைச் சிக்கலாகக் கட்டுகிற வகை, சுருக்கமாக ப்ராக்) கிடையாது, சைக்கெடெலிக், அதாவது மயக்கத்தில் மிதக்கிற மாதிரி ஒலிக்கிற ராக் என்கிறார். இன்னொருவருக்கு ரஷ் சுத்தமான ஹார்ட் ராக் பேண்ட். மூன்றாமவர், இன்றைக்கு உண்மையான ப்ராக் என்றால் டூல் பேண்ட்தான் என்று அடித்துச் சொல்கிறார். பேச்சு முற்றி இரண்டு நாளாக ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லை. "யார் சொல்வது சரி அண்ணே? வகை பிரிக்க ஏதாவது விதி இருக்கிறதா?" என்பது கேள்வி.

மூன்று பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். ப்ராக் என்ற சொல் ஒருவருக்குக் காலத்தையும் கூட்டத்தையும் குறிக்கிறது. ஒருவருக்கு அது பாட்டின் கட்டுமானம். இன்னொருவருக்கு ஒரு பேண்டின் குணம். எதைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் சுவையானது, அதற்கு வருகிறேன்.

வகை பிரிப்பதை நான் ஒரு காலத்தில் பிழைப்பாகவே செய்தேன். 1990களின் தொடக்கத்தில் பெரம்பூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை. வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியலும் ஒரு காலி கேசட்டும் கொண்டுவருவார். நாங்கள் பதிந்து, உறையில் கையால் பாட்டின் பெயர் எழுதித் தருவோம். ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள்தான் இங்கிலீஷ் ரேக்குக்கு முக்கிய வாடிக்கை. அந்த ரேக்கில் நாலே தட்டு: பாப், ராக், கண்ட்ரி, டிஸ்கோ. கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸுக்கு ஒரு தட்டு முழுக்கத் தேவைப்பட்டது. ப்ராக் என்று ஒரு தட்டு இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஒரு பெரியவர் 60 நிமிட கேசட் ஒன்றைக் கொடுத்து, ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' பாட்டைப் பதியச் சொன்னார். கூடவே வேறு நாலைந்து பாட்டு. 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நான் சின்னப் பாட்டுகளை முதலில் போட்டு, இதைப் பின்னால் வைத்தேன். பாட்டின் நீளம் சுமார் 23 நிமிடம். பதினெட்டாவது நிமிடத்தில், ஆர்கன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில், டேப் தீர்ந்துபோனது. இங்கிலீஷ் பாட்டுதானே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று நினைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்தார். கோபப்படவில்லை. கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முழுப் பாட்டையும் என்னைக் கேட்க வைத்தார். ஆரம்பத்தில் மெதுவாக, கிட்டார் நரம்பு மட்டும் அதிர வந்த பாட்டு. முன்னால் கேட்ட மெட்டுகள் கடைசியில் பெரிய அலையாகத் திரும்பி வருகின்றன. நான் அறுத்த இடத்துக்குப் பிறகு வந்த அந்த ஐந்து நிமிடம்தான் முன்னால் வந்த பதினெட்டுக்கும் காரணம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, 90 நிமிட கேசட்டில் என் கைக்காசில் மறுபடி பதிந்து கொடுத்தேன்.

அன்றைக்கே ராக் தட்டின் ஓரத்தில் ஒரு அட்டையைச் செருகி 'நீளம்' என்று எழுதினேன். நான் வைத்த முதல் ப்ராக் தட்டு அதுதான். ஒரு மாதத்தில் அந்தத் தட்டே எனக்குப் பாடம் எடுத்தது. டீப் பர்ப்பிள் ஜப்பானில் மேடையில் வாசித்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 20 நிமிடம். அதையும் அங்கே வைத்தேன். டோனா சம்மரின் 1975 டிஸ்கோ பாட்டு ஒன்று ஏறக்குறைய 17 நிமிடம். அதுவும் வந்து உட்கார்ந்தது. அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் காதுக்கே தெரிந்துவிடும். டீப் பர்ப்பிள் ஒரு சின்னப் பாட்டை மேடையில் இழுத்து, விளையாடி, விரிக்கிறார்கள். கச்சேரியில் கல்பனை ஸ்வரம் மாதிரி. டோனா சம்மருக்கு ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. 'சப்பர்ஸ் ரெடி' அந்த நீளத்துக்கென்றே கட்டப்பட்ட வீடு. ஒரு அறையை இடித்தால் மாடி நிற்காது. நீளம் ப்ராக்கின் விளைவுதான், அதை வைத்து ப்ராக்கை அடையாளம் காண முடியாது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

சரி, முதல் அளவுகோல், காலமும் கூட்டமும். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தது. அங்கிருந்து யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜென்டில் ஜயன்ட், ஜெத்ரோ டல் என்று இங்கிலாந்தில் ஒரு கூட்டம். 1972இல் மட்டும் யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்', ஜெனிசிஸின் 'ஃபாக்ஸ்ட்ராட்', ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' மூன்றும் வந்தன. 1977 வாக்கில் பங்க் என்ற எளிமையான, வேகமான ராக் வந்து மேடையைப் பிடித்துக்கொண்டது. ப்ராக் என்றால் இந்த ஏழெட்டு வருஷம், இந்தக் கூட்டம், அவ்வளவுதான் என்பவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் டொராண்டோவிலிருந்து வந்த ரஷ் தாமதமாக வந்த விருந்தாளி. டூல் வேறு தெரு.

இரண்டாவது அளவுகோல், கட்டுமானமும் கருவியும். நாலு அடித் தாளத்தை விட்டு ஐந்து, ஏழு, ஒன்பது என்று போவது, பாட்டைப் பல பகுதிகளாகக் கட்டுவது, ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கதை, மேற்கத்திய சாஸ்திரிய இசையின் வாடை, அப்புறம் மெல்லோட்ரான். அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்க ஆர்மோனியத்தின் அண்ணன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ கோரஸோ அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்துப் பதிந்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 வினாடி. அதற்கு மேல் டேப் இல்லை. விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவரும். எட்டு வினாடிக்குள் அடுத்த ஸ்வரத்துக்குப் போயே ஆக வேண்டும். டேப் ஓட்டம் லேசாகத் தடுமாறுவதால் சுருதியும் லேசாக நடுங்கும். கிரிம்சனின் முதல் ஆல்பத்தில் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள், மழைக்கு முன்னால் காசிமேட்டுக் கடல்மேல் வானம் இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு ஒலி நகரும். அது அந்த டேப்களின் ஒலி. கேசட்டோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மூன்றாவது, குணம். முன்னேறிப் போகிறது என்று பெயரிலேயே சொல்கிறோமே, முன்னேறுகிறார்களா? இங்கேதான் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப் 1974இல் கிங் கிரிம்சனைக் கலைத்தார். 1981இல் அதே பெயரில் திரும்பி வந்து 'டிசிப்ளின்' ஆல்பம் போட்டார். மெல்லோட்ரான் இல்லை, ராஜா ராணிக் கதை இல்லை. இரண்டு கிட்டார்கள் இந்தோனேசிய காமெலான் வாத்தியக் கூட்டத்தைப் போலச் சின்னச் சின்ன வட்டங்களைப் பின்னிக்கொண்டு போகின்றன. ஒன்று ஒரு அடி பின்தங்க, பல சுற்றுக்குப் பிறகு மறுபடி கைகோக்கும். கருவியை வைத்துப் பார்த்தால் அது ப்ராக்கில் சேராது. குணத்தை வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய ப்ராக் கிடையாது. இதைத் திருப்பியும் போடலாம். 1973இன் ஒலியை அச்சு மாறாமல் இன்றைக்கு வாசிக்கிற பேண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ப்ராக்கின் அடையாளம் எல்லாம் இருக்கும், முன்னே ஒரு அடி எடுத்துவைத்த சுவடு மட்டும் இருக்காது. என்னைக் கேட்டால் 'டிசிப்ளின்' பக்கம்தான் நிற்பேன்.

இந்த மூன்று அளவுகோலும் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. கானாவைப் பற்றிப் பேசும்போது நாம் இதையேதான் செய்கிறோம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறதுதான் கானா, சினிமாவில் வருவது கானா இல்லை என்று புளியந்தோப்பில் ஒரு பெரியவர் சொன்னால் அவர் இடத்தையும் ஆட்களையும் வைத்துப் பேசுகிறார். சினிமாக்காரருக்கு அந்தத் தாளமும் அந்தப் பேச்சு மொழியும் இருந்தால் கானா, அது கட்டுமானம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் தடவை மேடையேறியபோது கானாவோடு ராப்பும் ராக்கும் சேர்ந்து ஒலித்தன. அது கானாவா, ராக்கா என்று அன்றைக்கும் விவாதம் கிளம்பியது. கானா எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோகிறது என்றவர்கள் குணத்தைப் பேசினார்கள். நான் அவர்கள் கட்சி.

இப்போது உங்கள் மூன்று நண்பர்களுக்கும் வருவோம்.

பிங்க் ஃபிளாய்ட். 1967இல் பாடகர் சிட் பாரெட் இருந்த முதல் ஆல்பத்துக்கு அந்த நண்பர் சொல்வது முழுக்கச் சரி, அது சைக்கெடெலிக்தான். ஆனால் 1971இல் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க நிறையும் 'எக்கோஸ்' வந்த பிறகும், 1977இல் மூன்று நீளப் பாட்டுகளைத் தூணாக வைத்துக் கட்டிய 'அனிமல்ஸ்' வந்த பிறகும் அந்தப் பெயர் போதாது. ஃபிளாய்டில் யாரும் யெஸ் மாதிரி விரல் வித்தை காட்டுவதில்லை, அதனால்தான் இந்தக் குழப்பம். 'மணி' (பணம்) பாட்டைக் கவனியுங்கள். சில்லறை விழுகிற சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து, வெட்டி ஒட்டி, ஒரு சுற்றாக ஓட விட்டிருக்கிறார்கள். அந்தச் சுற்றில் ஏழு அடி. பேஸ் கிட்டாரும் ஏழில் வந்து உட்காரும். நம் ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபு தெரிந்தவர்கள் உடனே கையைத் தட்ட ஆரம்பிப்பார்கள், ஆனால் 3, 2, 2 என்ற நம் பிரிவு அதில் ஒட்டாது, எண்ணிக்கை மட்டும்தான் ஒன்று. சாக்ஸஃபோனும் ஏழிலேயே வாசிக்கிறது. கிட்டார் சோலோ தொடங்கும்போது தாளம் சட்டென்று நாலுக்கு இறங்கும். அந்த இடத்தில் பாட்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். லட்சக்கணக்கான பேர் ஏழில் தலையாட்டினார்கள், எண்ணாமலேயே. ஆகவே 70களின் ஃபிளாய்ட் ப்ராக். அவர்களுடைய வித்தை மெதுவானது, காதுக்கு இதமானது, அவ்வளவே.

ரஷ். 1974இன் முதல் ஆல்பம் ஹார்ட் ராக், சந்தேகமே வேண்டாம். அதற்குப் பிறகு நீல் பியர்ட் டிரம்ஸில் வந்து உட்கார்ந்தார், பாட்டெழுதவும் செய்தார். 1976இல் '2112' தலைப்புப் பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1982இலிருந்து சிந்தசைசர் முன்னால் வந்து வேறு ஒரு ரஷ் தொடங்குகிறது. இந்த நண்பருக்கு 1981இன் 'ஒய் ஒய் இசட்' வாத்திய இசையைப் போட்டுக் காட்டுங்கள். ஒய் ஒய் இசட் என்பது டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அதை மோர்ஸ் தந்தி மொழியில் அடித்தால் வருகிற தாளமே பாட்டின் தொடக்கம். நீளக் குறிக்கு இரண்டு மாத்திரை, சின்னக் குறிக்கு ஒன்று என்று வையுங்கள். ஒய் என்றால் தா-தி-தா-தா, 7 மாத்திரை. மறுபடி ஒய், இன்னொரு 7. இசட் என்றால் தா-தா-தி-தி, 6. மொத்தம் 20. நாலு நாலாகப் பிரித்தால் சரியாக ஐந்து அடி. ஏதோ கணக்குப் புத்தகம் மாதிரி தோன்றும், ஆனால் கேட்டால் நெஞ்சில் அடிக்கிற ராக். மூன்றே பேர் வாசிப்பது. இப்படி ஒரு பேண்டை ஹார்ட் ராக்கா, ப்ராக்கா என்று கேட்பதைவிட, எந்த வருஷத்து ரஷ் என்று கேட்பதுதான் முறை.

டூல். இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனால் மறுப்பதற்கில்லை. 2001இல் வந்த 'லேட்டரலஸ்' பாட்டில் வார்த்தைகளின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று பெருகி, மறுபடி 5, 3 என்று ஒடுங்கும்; முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற ஃபிபொனாச்சி எண் வரிசை. பல்லவி மாதிரி வருகிற இடத்தில் தாளம் 9, 8, 7 என்று இறங்கும். நம் மிருதங்க வித்வானிடம் சொன்னால் முதலாவதை மிருதங்க யதி, இரண்டாவதைக் கோபுச்ச யதி என்பார். ஒன்று நடுவில் பருத்து இரு முனையும் குறுகுவது, மற்றது பசுவின் வாலைப் போலக் குறுகிக்கொண்டே போவது. அவர்கள் எங்கிருந்து எடுத்தாலும் சரி, கட்டுமானத்தில் இது ப்ராக்தான். ஆனால் அதன் உடம்பு மெட்டல், ஹார்ட் ராக்கைவிடக் கனமான கிட்டார் இசை. 1992இல் ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' வந்தபோதே ப்ராக் மெட்டல் என்ற பெயர் பரவலாகப் புழங்கியது. டூலையும் அந்தப் பெயரின் கீழ் வைக்கலாம். இன்றைய ப்ராக் என்றால் டூல் மட்டும்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் போட்ட கால ரேடியோஹெட் பேண்டும் இருக்கிறது, பெங்களூரில் கர்நாடக ப்ராக்ரெஸிவ் ராக் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்ட அகம் பேண்டும் இருக்கிறது.

பெயரை நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. 1989இல் கிராமி விருதில் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதல் தடவை ஒரு பரிசு வைத்தார்கள். மெட்டல் பேண்டான மெட்டாலிகாவுக்குத்தான் என்று எல்லாரும் காத்திருக்க, ஜெத்ரோ டல்லுக்குக் கொடுத்தார்கள். புல்லாங்குழல் ஊதுகிற பேண்டுக்கு மெட்டல் விருது! அடுத்த வருஷமே இரண்டு பரிசாகப் பிரித்துவிட்டார்கள். அதே டல்லின் 1971 ஆல்பமான 'அக்வாலங்'கை விமர்சகர்கள் கதை ஆல்பம் என்றபோது டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சன் இல்லை என்றார். சொல்லிப் பார்த்துவிட்டு, கதை ஆல்பம் என்ற வகையையே கேலி செய்ய, இரண்டு பக்கமும் ஒரே பாட்டாக 'திக் அஸ் எ பிரிக்'கைப் போட்டார். இன்றைக்கு ப்ராக்கின் சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது மேலே இருக்கிறது. கேலியாகத் தொடங்கினாலும் வேலையை முழு மனசோடு செய்தார், அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

உள்வகைகள் இன்னும் சிக்கல். ராக் இன் ஆப்போசிஷன் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978இல் ஹென்றி கௌ என்ற இங்கிலாந்து பேண்ட், இத்தாலி, பெல்ஜியம், ஸ்வீடன், பிரான்ஸ் பேண்டுகளைக் கூட்டி லண்டனில் ஒரு விழா நடத்தியது. இசைக் கம்பெனிகள் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்பதற்காகச் சேர்ந்த கூட்டணி அது, தொழிற்சங்கம் மாதிரி. பின்னாளில் ரசிகர்கள் அதையே ஒரு ஒலியின் பெயராக்கிவிட்டார்கள். பிரான்சின் மாக்மா பேண்டோ தனக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கிக்கொண்டு, அந்த மொழியிலிருந்தே தன் இசைக்கு 'ஸோல்' என்று பெயர் வைத்தது. ஒரே பேண்டுக்காக ஒரு வகை. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் விசாரியுங்கள். அது இடத்தின் பெயரா, கூட்டணியின் பெயரா, பத்திரிகைக்காரர் வைத்ததா, அவர்களே வைத்ததா என்று தெரிந்தால் போதும்.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை எங்கே வைப்பது என்று. ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் தட்டில் வையுங்கள், ஆனால் ப்ராக் தட்டுக்குக் கை எட்டுகிற தூரத்தில். அந்தப் பேண்டின் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின் அதை விட்டுவிட்டுச் சக்தி குழுவுக்கு வந்தபோது பக்கத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அங்கே எந்தத் தட்டும் போதவில்லை. 1986இல் இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணமாக ஒரு வாத்திய ஆல்பம் போட்டபோது, இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார், 'ஹவ் டு நேம் இட்'. எங்கள் கடையில் அதைத் தமிழ் ரேக்கில் தேடியவர்களும் உண்டு, இங்கிலீஷ் ரேக்கில் தேடியவர்களும் உண்டு. நான் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்தேன்.

நாலு பேரும் மறுபடி சேர்ந்து உட்காரும் ராத்திரி, வாதத்துக்கு முன்னால் கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்' பாட்டைப் போடுங்கள், 1974, 12 நிமிடம் சொச்சம். நடுவில் கிட்டார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கும், கீழே தாளம் 13 அடியில் சுற்றும். கேரம் போர்டில் விரலால் தட்டி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தப்பினாலும் பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். முதலில் மெதுவாக வந்த மெட்டு கடைசி நிமிடத்தில் திரும்பி வரும், அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது.